மரவள்ளிக்கிழங்கும் இஞ்சித் தேநீரும்

கமலேஸ்வரியக்காவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும். அந்த இரண்டு நாளுக்கு அவர் செய்கிற ஆயத்தங்களைப் பார்த்தால், ஐந்து நாளும் சோக்குக்கட்டியோடு மாரடிக்கிற எனக்கு எரிச்சல்தான் வரும். மரக்கறி விதை ஒரு பொட்டலம், கறிவேப்பிலை ஒரு கட்டு, தேங்காய் துருவுகிற துருவலை ஒன்று, பழைய துவாயில் சுற்றிய கத்தி மூன்று. இவ்வளவையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்வார்.

நான் கப்பல்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதி பஸ்ஸில் போய்வருவேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. வழியில் சோதனைச்சாவடி வந்தால் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறவேண்டும். அந்தக் காலத்தில் மூன்று கத்தியோடு வருகிற ஒரு பெண்ணின் பக்கத்தில் இருந்து பயணம் செய்வது எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முதல் மாதம் ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது. பிறகு ஆமிக்காரப் பொடியன்களுக்கே பழகிப்போயிற்று. "குஸ்ஸி அம்மா" என்று சிங்களத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். குசினிக்கார அம்மா என்று பொருள். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அக்கா ஓர்ஸ் ஹில்லில் தமையன் வீட்டில் இருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. இளம் வயதில் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை பார்த்தவர். மீன் வெட்டுவதில் தொடங்கி, வெள்ளைக்காரருக்கு முட்டை பொரிக்கிற இடம் வரைக்கும் வந்தவர். நாட்டில் சண்டை தொடங்க வெள்ளைக்காரர் வருவது நின்றது. ஹோட்டலையும் மூடினார்கள். அக்கா தமையன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. தமையன் பெண்சாதி, அந்த மச்சாள்காரியும் நல்லவள்தான். ஆனால் தன் அடுப்படியில் இன்னொருத்தி கரண்டி பிடிப்பது அவளுக்குப் பிடிக்காது. அதில் பிழை சொல்லவும் ஏலாது. ஆகவே நூறு பேருக்குச் சமைத்த கை பத்து வருஷமாக வெங்காயம் உரித்துக் கொடுத்தது, பாத்திரம் கழுவிக் கொடுத்தது. உப்புப் போதுமா என்றுகூட அவரைக் கேட்கமாட்டார்கள். இதை அக்கா எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்போதுதான் நகரிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூட வளவில் தோட்டம் செய்யவேண்டும். விளைந்ததைத் தாங்களே சமைத்துச் சாப்பிடவேண்டும். அதைப் பழக்குவதற்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள் தேவை. கமலேஸ்வரியக்கா எப்படியோ கேள்விப்பட்டு, அந்த நிறுவனத்தின் கந்தோர் வாசலில் போய் நின்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில். உள்ளே மூன்று கல்லடுப்பு, ஒரு பெரிய பானை, இரண்டு சட்டி, இருப்பதற்கு ஒரு வாங்கு. அவ்வளவுதான். முதல் நாள் அக்கா அந்த வாங்கைத் துடைத்துவிட்டு அதில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"என்னக்கா, களைப்போ?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். இது என்ர குசினி. அதான் இருந்து பாக்கிறன்," என்றார்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். கடலும் வயலும் இருந்த ஊரை விட்டுவிட்டு, கப்பல்துறையில் கொட்டில் போட்டு இருந்தார்கள். தகப்பன்மாருக்குக் கூலி வேலை கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. செவ்வாயும் வியாழனும் மத்தியானம் ஒரு சுடு சாப்பாடு என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் அல்ல. என் கணக்குப் பாடத்துக்கு வராத பிள்ளை கத்தரிக்காய்க்கு வந்தது. இதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. நட்டவன் சமைக்கவேண்டும், சமைத்தவன் சாப்பிடவேண்டும். பொடியன் பெட்டை என்ற வித்தியாசம் கிடையாது. "என்ர மகன் தேங்காய் துருவவோ பள்ளிக்கூடம் வாறவன்?" என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். அக்கா அவருக்கு அவருடைய மகன் வைத்த பயிற்றங்காய்க் கறியை ஒரு பீங்கானில் போட்டுக் கொடுத்தார். மனுஷன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உறைப்புக் கொஞ்சம் காணாது" என்று மட்டும் சொல்லிப் போனார். குண்டு செய்கிற சாமான் என்று தடைசெய்திருந்த யூரியா பையோடு சோதனைச்சாவடிக்குப் போனால் ஆளையே உள்ளே வைத்துவிடுவார்கள் என்பதால் தோட்டத்துக்கு உரம் மாட்டெருவும் கிளிசெறியா மரத்துக் குழையும்தான். அதிலேயே கத்தரியும் வெண்டியும் கங்குன் கீரையும் வந்தன. வேலியோரம் மரவள்ளி நன்றாகப் பருத்திருந்தது.

அந்த மரவள்ளியால்தான் எல்லாம் வந்தது.

மரவள்ளிக்கிழங்கும் இஞ்சியும் ஒன்றாக வயிற்றுக்குள் போகக்கூடாது என்பது இந்த நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். போனால் ஆள் முடிந்தது. எங்கள் வீடுகளில் மரவள்ளி அவிக்கிற நாளில் இஞ்சித் துண்டை அலுமாரிக்குள் ஒளித்து வைப்பார்கள். பானையை மூடாமல் அவிக்கவேண்டும் என்பது இன்னொரு சட்டம். அக்கா இரண்டையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். மரவள்ளியைத் தோண்டி எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை, கொட்டிலுக்குள் இஞ்சி இருக்கிறதா என்று சாமான் பெட்டியைக் கொட்டிப் பார்த்தே அடுப்பு மூட்டினார். பானை வாய் திறந்தபடி கொதித்தது. பிள்ளைகள் பச்சைமிளகாய்ச் சம்பல் இடித்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மா மாதிரி வெந்திருந்தது.

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காவலிருந்த வோச்சர் வீரக்குட்டியண்ணையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது கந்தசஷ்டி நேரம். அவர் ஆறு நாளும் விரதம். சாப்பாட்டு வாசனைகூடப் படக்கூடாது என்று கொட்டில் பக்கமே வராமல், முன்வாசலில் தனக்கென்று ஒரு சின்ன அடுப்பு வைத்து, பகலில் வெறும் தேநீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றுக்கு வாய்வு பிடிக்கும் என்று அதில் இஞ்சி தட்டிப்போடுவார். பிள்ளைகள் என்ன சமைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் ஆசை வரும் என்று கேட்கவும் இல்லை.

மத்தியானம் திரும்ப, திடீரென்று மழை கொட்டியது. தோட்டத்தில் நின்ற பிள்ளைகள் தெப்பமாக நனைந்து முன்வாசலுக்கு ஓடினார்கள். நடுங்குகிற பிள்ளைகளைக் கண்டதும் வீரக்குட்டியண்ணைக்கு மனம் பொறுக்கவில்லை. கேத்தலை நிரப்பி, இஞ்சியைக் கூடப் போட்டு, சீனியும் போட்டு, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் ஊதி ஊதிக் குடித்தார்கள். முக்கால்வாசி குடித்த பிறகுதான் தவமலர் என்ற பெட்டை தகரப் பேணியை மூக்கடியில் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இதுக்குள்ள இஞ்சியெல்லோ கிடக்கு."

ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. தவமலர் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது. வீரக்குட்டியண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். பள்ளிக்கூட அதிபர் குலசிங்கம் சேர் வெளியே ஓடிப்போய், ரோட்டால் வந்த ஒரு ட்ரக்டரை மறித்தார். பிள்ளைகளை அதன் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அக்கா இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார். அவருடைய உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

சோதனைச்சாவடியில் ட்ரக்டரை நிறுத்தினார்கள். துவக்கோடு வந்தவன் எங்களுக்குப் பழக்கமான பொடியன்தான். "குஸ்ஸி அம்மா, மொகத?" என்று கேட்டான், என்ன விஷயம் என்று. அக்காவுக்குத் தெரிந்த சிங்களத்தில் மூன்று சொல் வந்தது. "மஞ்ஞொக்கா... இங்குரு... ளமய்." மரவள்ளி, இஞ்சி, பிள்ளைகள். அந்தப் பொடியனின் முகம் வெளுத்துப்போனதை நான் கண்டேன். "ஐயோ அம்மே!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்த் தடையைத் தூக்கினான். அடுத்த சாவடிக்கும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. நகர் வரைக்கும் எங்களை ஒருவரும் இறக்கவில்லை, ஓர் அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த ரோட்டால் நான் சோதனையில்லாமல் போனது அந்த ஒரு நாள்தான். அவனுக்கும் ஒரு தாய் இஞ்சியை ஒளித்து வைத்துத்தான் மரவள்ளி அவித்துக் கொடுத்திருப்பாள்.

பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்து, நாக்கைப் பார்த்து, பயத்தில் சத்தி எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பின்நேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். படித்தவள் என்ற புத்திகெட்ட நினைப்புத்தான். ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. நல்லகாலம் சத்தி எடுத்தபடியால் தப்பினார்கள், நல்லகாலம் ட்ரக்டர் வந்தபடியால் தப்பினார்கள். டொக்டர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அந்த வியாழக்கிழமை கொட்டிலுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. வகுப்பில் இருந்தார்கள், என் கணக்கைக்கூட ஒழுங்காகச் செய்தார்கள், ஆனால் மத்தியான மணி அடித்ததும் வாசல் படலையில் தாய்மார் வந்து நின்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் முன்னால் தவமலரின் தாய் ராசமலர் நின்றாள். அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அக்கா தனியே அடுப்பு மூட்டி, ஒரு பானை கஞ்சி காய்ச்சி, அதைப் பார்த்துக்கொண்டு வாங்கில் இருந்தார்.

அன்றைக்கு அதிபர் கொட்டிலுக்கு வந்தார். அவரும் கெட்டவர் அல்ல.

"தங்கச்சி, பிள்ளையள் வராட்டி நான் என்ன செய்யிறது? வியாழக்கிழமையும் பாப்பம். அதுக்கும் வராட்டி நிப்பாட்டச் சொல்லிக் கந்தோருக்கு அறிவிக்கவேணும். வேற வழி எனக்குத் தெரியேல்லை."

"ஓம் சேர்," என்றார் அக்கா.

அதிபர் போன பிறகு வீரக்குட்டியண்ணை வந்து வாசலில் நின்றார். விரதம் முடிந்தும் மனுஷன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, முகம் ஒட்டிப்போயிருந்தது. இஞ்சி போட்டது தான்தான் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

"சொல்லி என்னண்ணை பிரயோசனம்? என்னை விட்டிட்டு உங்களைத் திட்டுவினம். பிள்ளையள் வருங்களோ? என்ர குசினிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. அது என்ர பொறுப்பு," என்றார் அக்கா. பிறகு கஞ்சியில் ஒரு பீங்கான் ஊற்றி அவருக்குக் கொடுத்தார். அவர் அழுதுகொண்டே குடித்தார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அக்காவின் பை வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. பாதி வழி வந்ததும் காதுத் தோட்டைக் கழற்றினார், கையிலிருந்த காப்பையும் கழற்றினார், இரண்டையும் கைலேஞ்சியில் முடிந்து என் கையில் வைத்தார்.

"இதை என்ர மச்சாளிட்டக் குடுத்துவிடுங்கோ ரீச்சர். ஏதும் நடந்தால்தான். நடக்காட்டி எனக்கே தாங்கோ."

"என்னக்கா நடக்கப்போகுது?"

"இண்டைக்குப் படலையடியில எல்லாருக்கும் முன்னால மரவள்ளியும் சாப்பிட்டு இஞ்சித் தேத்தண்ணியும் குடிக்கப்போறன். மறிக்காதேங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கேன் தோட்டைக் கழட்டுறியள்? அதெல்லாம் சும்மா கதை எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ."

"டொக்டர் சாப்பிட்டுக் காட்டேல்லையே."

"அப்ப நீங்கள் அதை நம்புறியளோ?"

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஓம் ரீச்சர். நம்புறன். சின்னனில இருந்து நம்புறன். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு."

என் சிரிப்பு நின்றுவிட்டது. நம்பாத ஒருத்தி சாப்பிட்டுக் காட்டினால் அது பாடம் மாதிரி. நம்புகிறவள் சாப்பிடுவதென்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "வேண்டாமக்கா, வேற வேலை தேடலாம்," என்று சொல்லிப் பார்த்தேன். வேலை தேடலாம், குசினி எங்கே தேடுவது என்று கேட்டார். அந்தப் பிள்ளைகள் போன வியாழனும் செவ்வாயும் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியுமா என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவர்மேலா ஊர்மேலா என்று பிரித்துச் சொல்ல ஏலாத ஆத்திரம்.

மத்தியானம் தாய்மார் படலைக்கு வந்தபோது, வேப்பமரத்தின் கீழ் வாங்கைப் போட்டு அக்கா இருந்தார். பக்கத்தில் ஆவி பறக்கிற மரவள்ளி ஒரு பீங்கானில். இன்னொரு பக்கம் கேத்தலும் பேணிகளும். இஞ்சி மணம் படலை வரைக்கும் வந்தது. வைக்கவேண்டிய இடத்தில் வைத்திருந்தார் எல்லாவற்றையும், ஹோட்டலில் விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி. நான் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். லேஞ்சி முடிச்சு என் கைக்குள் வேர்த்தது.

அக்கா ஒரு துண்டு எடுத்தார். சம்பலில் தொட்டார். வாயில் வைத்து மென்று விழுங்கினார். இன்னொரு துண்டு. பிறகு பேணியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மடமடவென்று குடித்தார். பேணியைக் கீழே வைத்ததும், அன்றைக்கு ட்ரக்டரில் அசைந்த மாதிரி அவருடைய உதடு அசையத் தொடங்கியதை நான் கண்டேன். தாய்மாரும் கண்டார்கள். நடிக்கிற உதடு அப்படி அசையாது.

அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். வேப்பமரத்திலிருந்து இலை விழுந்தது. யாரோ "முருகா" என்றார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது ஒரு பாடவேளை மாதிரி இருந்தது.

ராசமலர்தான் முதலில் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்துக்கு அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"ஒங்களுக்கு விசரா?" என்று கத்தினாள். "ஆரு ஒங்கள இதச் செய்யச் சொன்ன? நாங்க கேட்டமா?"

"ஒருத்தரும் சொல்லேல்லைத் தங்கச்சி."

"பயமில்லயா?"

"பயம்தான்."

ராசமலர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு வாங்கில் தொப்பென்று இருந்து, பீங்கானை இழுத்து, ஒரு பெரிய துண்டாக எடுத்து வாய்க்குள் போட்டாள். அக்கா மறிக்கக் கையை நீட்டினார். ராசமலர் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தனியச் சாக விடேலுமா ஒரு மனுசிய?" என்றாள், வாய் நிறையக் கிழங்கோடு. கேத்தலைத் தானே சரித்துத் தேநீரை ஊற்றி ஒரே இழுப்பில் குடித்தாள்.

அந்த நேரம் மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடிவந்து, வேப்பமரத்தடியைக் கண்டு அப்படியே நின்றார்கள். தவமலரின் முகம் அழுகைக்குத் தயாரானது.

"அம்மா, சாகப்போறியா?"

"இல்லடி. தேத்தண்ணி குடிக்கிறன்," என்றாள் ராசமலர்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. சாவு வருவதாக இருந்தால் வந்திருக்கவேண்டிய நேரம் போய், பிறகும் கொஞ்ச நேரம் போயிற்று. வீரக்குட்டியண்ணை வந்து கேட்காமலே ஒரு துண்டு எடுத்தார். நானும் எடுத்தேன். நம்பாதவள்தான் நான், ஆனாலும் சின்னத் துண்டாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அக்கா மெதுவாகக் கேட்டார், "அப்ப, செவ்வாய்க்கிழமை பிள்ளையை விடுவியளோ?"

ராசமலர் விரலில் ஒட்டிய சம்பலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க உசிரோட இருந்தா விடுவன்."

இத்தனை நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கமலேஸ்வரியக்கா அதைக் கேட்டு ஏங்கி ஏங்கி அழுதார். ராசமலர் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, கிழங்கு விக்கிவிட்டது, தண்ணி கொண்டு வாங்கோ என்று எங்களை ஏசினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் உயிரோடுதான் பஸ் ஏறினார்.